ஆதிசேடன் கேட்ட விடுப்பு

கழுத்திலும் கையிலும் இடுப்பிலும் பாம்பைப் பூண்ட கடவுளைக் கும்பிடுகிற வீட்டில் ஒரு சின்ன மலைப்பாம்பை வளர்க்கக் கூடாதா? இது என் பேத்தியின் கேள்வி. மகள் வயிற்றுப் பேத்தி. திருச்சியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறைக்கு எங்கள் ஊரான மீன்சுருட்டிக்கு வந்தால் எங்கள் இருவருக்கும் ஓயாத பேச்சுதான். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது அடுத்து அவள் சொன்னதில் தெரிந்தது.

"நம்ம சனங்க கல்லுல செதுக்கின பாம்புக்குப் பால் ஊத்துறாங்க தாத்தா. அதே பாம்பு கொல்லைப்பக்கம் வந்தா கம்பெடுக்கறாங்க. நான் பால் ஊத்தவும் போறதில்ல, அடிக்கவும் போறதில்ல. கூட வச்சுக் காப்பாத்தறேங்கறேன். இதுல எது பக்தி?"

அவளுக்குப் பதில் சொல்ல எனக்குப் பல நாள் பிடித்தது. சொன்ன பிறகும் பேச்சு முடியவில்லை.

நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், தா.பழூர் வட்டாரத்தில்தான் என் வேலைக்காலம் போனது. பாம்பு தீண்டி வீங்கிய மாட்டுக் காலைத் தடவிப் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கம் முந்திரித் தோப்பு அதிகம். சித்திரையிலும் வைகாசியிலும் சருகுக்குள் கைவிட்டுக் கொட்டை பொறுக்குகிற பெண்களிடம் போய்ப் பாம்பின் அழகைப் பேசினால், கேட்டுவிட்டு நிமிராமல் வேலையைப் பார்ப்பார்கள். இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறக்கிறார்கள் என்று 2020இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. இறப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்துக்காரர்கள். தமிழ்நாடு அரசு 2024இல்தான் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. கம்பெடுக்கிறவனுடைய பயத்துக்குப் பின்னால் இவ்வளவு சாவு இருக்கிறது. அவனைப் பக்தியில்லாதவன் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பக்தியும் பயமும் ஒரே மனத்தில் இருக்க முடியும் என்பதற்கு எங்கள் ஊருக்கு அருகிலேயே சாட்சி உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் எடுத்த கோயிலின் சுவர் மாடத்தில் ஆடுகிற சிவன் இருக்கிறார். அவர் காலடியில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் உருவம். காரைக்கால் அம்மையார். சிவனுடைய பேயாகத் தன்னையே ஒப்புக்கொடுத்தவர் அவர். அவரே தாம் பாடிய அற்புதத் திருவந்தாதியில் சிவனிடம் உரிமையோடு ஒரு யோசனை சொல்கிறார்: பிச்சைக்குப் போகும்போது அந்தப் பொல்லாத பாம்பை விட்டுவிட்டுப் போ, அதைக் கண்டால் பெண்கள் பயந்து பிச்சையிட வரமாட்டார்கள் என்று. எத்தனை முறை படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிற இடம் அது. அம்மையாருக்குப் பாம்பு பாம்புதான். ஆண்டவன் கழுத்தில் கிடப்பதால் அதன் நஞ்சை அவர் மறந்துவிடவில்லை.

இதைச் சொன்னபோது பேத்தி சிரித்தாள். அவள் கேட்கிற பாம்புக்கு நஞ்சே கிடையாது. பால் பைத்தான் என்று பெயர். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மலைப்பாம்பு வகை. பொரிந்து வரும்போது ஒரு முழம்கூட இருக்காது, முழு வளர்த்தியில் மூன்றிலிருந்து ஐந்தடி. பயந்தால் கடிக்கப் பாயாமல் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு உருண்டையாகச் சுருண்டுவிடும். ஆங்கிலத்தில் 'பால்' என்றால் பந்து, அதனால்தான் அந்தப் பெயர். முதன்முதலாகப் பாம்பு வளர்க்க நினைப்பவர்களுக்கு உலகெங்கும் இதைத்தான் சொல்கிறார்கள். சாது, சின்னது, வாரம் ஒருமுறையோ பத்து நாளைக்கு ஒருமுறையோ ஓர் எலி போதும், சில சமயம் மாதக்கணக்கில் தின்னாமலும் கிடக்கும். நம் நாட்டு மலைப்பாம்பை வளர்க்க வழியே இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. பால் பைத்தான் அயல்நாட்டு உயிரினம், வனவுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தில் வருவது. 2022இல் திருத்தப்பட்ட சட்டப்படியும் 2024இல் வந்த விதிகளின்படியும் அதை வைத்திருப்பவர் பதிவுசெய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும் செத்தாலும் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். இதையெல்லாம் அவள் என்னைவிட நன்றாகப் படித்து வைத்திருந்தாள். சட்டத்தைக் காட்டி அவளை மடக்க முடியாது. நானும் அந்த வழியில் மடக்க விரும்பவில்லை.

அவளுடைய இன்னொரு வாதம்தான் என்னை அசைத்தது. "நாய் வாலாட்டும் தாத்தா. நம்மளப் பெரியாளா நெனைக்க வைக்கும். பாம்புக்கு நம்ம பேரு தெரியாது. நாம வந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான். திருப்பி ஒண்ணுமே தராத ஒரு உயிர்மேல அன்பு வைக்கறதுதானே சுத்தமான அன்பு?"

இருபது வயதுப் பெண்ணின் வாயில் இப்படி ஒரு பேச்சு. சைவ சித்தாந்தத்தில் ஆணவம் என்று ஒன்றைச் சொல்கிறார்களே, உயிரோடு ஒட்டிப் பிறந்து 'நான், என்னுடையது' என்று சொல்லவைக்கிற இருள், அதற்குத் தீனி போடாத வளர்ப்புப் பிராணி பாம்பு என்கிறாள். அதே சித்தாந்தத்தின் மெய்கண்டார் மரபில் இன்னொரு கருத்தும் உண்டு. உயிர் தனித்து நிற்பதில்லை, எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாக ஆகிவிடும். அப்படியானால் அசையாமல், அவசரப்படாமல், பசியைக்கூடப் பொறுத்துக் கிடக்கும் ஓர் உயிரோடு தினமும் இருந்தால், அந்த அமைதி தனக்கும் வராதா என்று கேட்கிறாள். அவள் படிப்பு பரபரப்பான படிப்பு, வாழ்க்கை விடுதி வாழ்க்கை. அந்த ஏக்கத்தை நான் குறைத்து மதிக்கவில்லை.

ஆனால் அதே கருத்தில் நின்று நான் கேட்டேன். நீ சார்ந்திருக்கப்போவது பாம்பையா, பாம்பு இருக்கிற பெட்டியையா? பூட்டு, கண்ணாடி, சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி, குளிர்பெட்டியில் உறைந்த எலி. நாள்தோறும் உன் கை தொடப்போவது இவற்றைத்தான். திருப்பி எதையும் எதிர்பாராத அன்பு என்றால் பூட்டு எதற்கு? ஒன்றும் வேண்டாதவனுக்கு அது பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லையே. வரப்பில் போகிற சாரைமேல் அந்த அன்பை வைக்கலாமே.

"வரப்புல போறத நான் பாக்க முடியாதே" என்றாள்.

பார்க்கத்தான் வேண்டும். நம் வழிபாடு முழுக்கப் பார்ப்பதில்தான் இருக்கிறது. ஆனால் பார்ப்பதற்கு நேரம் குறிப்பது நாமா என்பதுதான் விஷயம். சன்னதியில் திரை போட்டிருந்தால் நிற்கிறோம். திறக்கும்போது பார்க்கிறோம். வெளிச்சத்துக்கு விசையைத் தட்டி எந்நேரமும் பார்த்துக்கொள்ளும்படி ஒன்றை வைத்துக்கொண்டால் அதற்குத் தரிசனம் என்ற பெயர் பொருந்துமா? இதற்கு அவள் பதில் சொல்லவில்லை. ஒத்துக்கொண்டாள் என்றும் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு அவளுக்குச் சிதம்பரத்துக் கதையைச் சொன்னேன். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்ட கதைதான். ஆனால் இந்தக் கேள்வியோடு சேர்த்து நான் யோசித்தது இப்போதுதான். உமாபதி சிவாசாரியார் பதினான்காம் நூற்றாண்டில் பாடிய கோயிற்புராணத்தில் இருக்கிறது. பாற்கடலில் திருமாலுக்குப் படுக்கையாகக் கிடக்கிறான் ஆதிசேடன். திருமாலின் மகிழ்ச்சியைக் கண்டு காரணம் கேட்கிறான். தாருகவனத்தில் சிவன் ஆடியதைப் பார்த்தேன், அதை நினைத்துக்கொண்டேன் என்கிறார் திருமால். கேட்ட பாம்புக்கு அந்த ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை பற்றிக்கொள்கிறது. திருமால் என்ன செய்கிறார்? என் படுக்கை நீ, நீ போனால் நான் எங்கே படுப்பது என்று கேட்கவில்லை. போய்வா என்று விடை கொடுக்கிறார். சேடன் தவம் செய்து, பதஞ்சலி முனிவராகித் தில்லைக்கு, அதாவது சிதம்பரத்துக்கு, வருகிறான். அங்கே வியாக்கிரபாத முனிவர் அதே ஆட்டத்துக்காக ஏற்கெனவே காத்திருக்கிறார். இருவருக்குமாக ஒரு தைப்பூச நாளில் ஆட்டம் நடக்கிறது.

மீன்சுருட்டியிலிருந்து காட்டுமன்னார்கோயில் வழியாகப் பஸ் ஏறினால் சிதம்பரம் எட்டிவிடுகிற தூரம்தான். அந்தக் கோயிலுக்குள் ஓர் இடம் இருக்கிறது. அங்கே நின்றால் நடராசரையும் பார்க்கலாம், பாம்பணையில் கிடக்கும் கோவிந்தராசப் பெருமாளையும் பார்க்கலாம். ஒரே பாம்பு ஒருபுறம் பணியில் இருக்கிறது, இன்னொருபுறம் விடுப்பில் வந்து ஆட்டம் பார்க்கிறது. சைவமும் வைணவமும் அந்த முற்றத்தில் போட்ட சண்டைகளைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த இடத்தில் நிற்கும்போது தோன்றுவது ஒன்றுதான். உலகத்தையே காக்கிற கடவுளிடம் வேலை பார்த்த பாம்புக்கும் போக ஓர் இடம் இருந்தது. போக விரும்பியபோது போகவிட்டார்கள்.

"உன் பாம்பு விடுப்புக் கேட்டால் என்ன செய்வாய்?" என்றேன்.

"கேக்காது."

"கேட்டால்?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "எங்க அனுப்பறது? இங்க விட்டா அது செத்துடும். சாகாட்டி இன்னும் மோசம்."

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு அப்போது முழுதாக விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஃபுளோரிடாவைச் சொல்கிறாள். அமெரிக்காவின் அந்தத் தென்கிழக்குக் கோடி மாநிலத்தில் பர்மா மலைப்பாம்பைக் குட்டியாக வாங்கியவர்கள், அது பதினைந்தடி வளர்ந்ததும் வைத்திருக்க முடியாமல் சதுப்புநிலத்தில் விட்டார்கள். தப்பிப்போனவையும் உண்டு. அவை பெருகின. 2012இல் வெளிவந்த ஆய்வு, எவர்கிளேட்ஸ் காப்பகத்தின் தென்பகுதியில் ரக்கூன் என்கிற சிறு விலங்கு கண்ணில் படுவது 99 விழுக்காடு குறைந்துவிட்டது என்றது. பாம்பின்மேல் பிரியம் வைத்துத்தான் வாங்கினார்கள். விட்டவர்களும் கொல்ல மனமில்லாமல், காட்டில் பிழைத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பார்கள். இரண்டும் சேர்ந்து ஒரு காட்டையே வெறுமையாக்கிவிட்டது. ஆக, வளர்ப்புப் பாம்புக்கும் நமக்கும் உள்ள உறவில் விடைகொடுத்தல் என்ற வாசலே கிடையாது. வைத்திருந்தாலும் கட்டு, விட்டாலும் கேடு. அப்படி ஓர் உறவை நாமே விரும்பித் தொடங்கலாமா என்பதுதான் நான் கேட்க வந்த கேள்வி.

"மாட்ட மட்டும் கயித்துல கட்டலாமா?" என்று திருப்பினாள். நியாயமான கேள்வி. மாட்டோடே காலத்தைக் கழித்தவனிடம் கேட்கிறாள். நான் அறிந்ததைச் சொன்னேன். காலையில் அவிழ்த்துவிட்ட மாடு மேய்ந்துவிட்டுப் பொழுது சாய்கையில் தானாக வாசலில் வந்து நிற்கிறதே, அதுதான் அந்த உறவின் சாட்சி. பல்லாயிரம் ஆண்டு மனிதனோடு சேர்ந்து ஆன உயிர் அது. ஆனால் இன்று கொட்டகையைவிட்டு வெளியே வராமலே கறந்து தீர்கிற கலப்பினப் பசுவுக்கு இந்தச் சாட்சியை நான் சொல்ல முடியாது. அங்கே அவள் கேள்வி அப்படியே நிற்கிறது. பாம்புக்குப் பதில் தேடப்போய் மாட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

இந்தப் பால் பைத்தான் வேறொரு சனத்தின் சாமி என்பதையும் சொல்ல வேண்டும். பெனின் நாட்டில் உய்தா என்ற ஊரில் மலைப்பாம்புக் கோயில் இருக்கிறது. வோதுன் சமயத்தாரின் கோயில். எதிரே கத்தோலிக்கப் பேராலயம். கோயிலுக்குள் இருப்பவை இதே பால் பைத்தான்கள். வெளியே இரை தேடப் போவதும் உண்டு. யார் வீட்டிலாவது நுழைந்துவிட்டால் அவர்கள் மரியாதையாகக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். பக்கத்து நாடான நைஜீரியாவில் இக்போ மக்களில் ஒரு பிரிவினருக்கு இது தெய்வத்துக்கு உரியது. தவறிக் கொன்றுவிட்டால் மனிதருக்குச் செய்வதுபோல் அடக்கம் செய்ய வேண்டும். அந்நாட்டு எழுத்தாளர் சினுவா அச்செபே 1964இல் எழுதிய 'ஆரோ ஆஃப் காட்' நாவலில் ஒரு பையன் வருகிறான். பூசாரியின் மகன், பாதிரியார் பள்ளிக்குப் படிக்கப் போனவன். தன் புது விசுவாசத்தைக் காட்ட ஒரு மலைப்பாம்பைப் பிடித்துத் தன் மரப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டுகிறான். கொல்லத் துணிவில்லை. பெட்டிக்குள் தானாகச் சாகட்டும், கொன்ற பழி தன்மேல் வராது என்று நினைக்கிறான். வீட்டார் பெட்டி அசைவதைக் கண்டு அதிர்ந்துபோகிறார்கள். ஊரே கொந்தளிக்கிறது.

அந்தப் பெட்டி இப்போது உலகம் சுற்றுகிறது. கானா, டோகோ, பெனின் நாடுகளில் முட்டைகளையும் சினைப்பாம்புகளையும் வளைகளிலிருந்து தோண்டி எடுத்து, குஞ்சு பொரிக்கவைத்து, பல்லாண்டுகளாக வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். 2023 ஜூலையில் எங்கள் திருச்சி விமான நிலையத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் சக்கரப் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் பிடிபட்டன. அதே ஆண்டு ஜனவரியில் சென்னையில் 45 பால் பைத்தான்கள். பேத்தி படிக்கிற ஊருக்கே வந்து சேர்ந்த பெட்டி அது. நம் ஊர்க் கோயிலிலிருந்து பெயர்த்த செப்புத் திருமேனி வெளிநாட்டுச் செல்வர் வீட்டு வரவேற்பறையில் நின்றால் நமக்கு வயிறு எரிகிறது. வழக்குப் போட்டு மீட்டு வருகிறோம். மூச்சுவிடுகிற திருமேனி ஒன்று டப்பாவுக்குள் சுருண்டு வந்தால், அது யாருடையது என்று கேட்கவாவது வேண்டாமா? அவள் இதற்கு மறுப்புச் சொல்லவில்லை. கடத்தி வந்ததைத் தொடவே மாட்டேன் என்று முன்பே முடிவு செய்திருந்தாள்.

அந்தப் பாம்புகள் அங்கே காட்டில் எங்கே குடியிருக்கின்றன தெரியுமா? எலி வளையிலும் கறையான் புற்றிலும். இதைப் படித்தபோது எனக்கு ஏனோ கண் கலங்கியது. நம் புற்றுக்கும் அவர்கள் புற்றுக்கும் நடுவே ஒரு கடல் இருக்கிறது, அவ்வளவுதான்.

பாம்புக்குப் பால் ஊற்றுவதைப் பற்றிப் பேத்தி கேலியாகச் சொன்னாள். அதில் உண்மை உண்டு. பாம்பு பால் குடிக்காது, ஊற்றினால் அதற்குத் தொல்லைதான். புற்றைக் கட்டியதும் கறையான்தான். ஆனால் எங்கள் பக்கத்து வயல்களில் நான் பார்த்து வளர்ந்த இன்னொரு செயல் இருக்கிறது. காணிக்கு நடுவே புற்று எழும்பிவிட்டால் ஏர் அதைச் சுற்றிப் போகும். டிராக்டர் வந்த பிறகும் பலர் சுற்றித்தான் ஓட்டினார்கள். புற்றைச் சுற்றி ஒரு வேம்பு, கொஞ்சம் புதர், மஞ்சள் துணி, ஆடி வெள்ளியில் நாலு பெண்கள். அங்கே விளைந்திருக்க வேண்டிய நெல்லை ஆண்டாண்டாக விட்டுக்கொடுக்கிறானே நிலத்துக்காரன், அதைத்தான் நான் படையல் என்பேன். பட்டா அவன் பெயரில்தான் இருக்கிறது. அந்த இரண்டு சென்ட்டுக்கு மட்டும் அவன் உரிமை கொண்டாடுவதில்லை. மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் தாம் பிறந்து இளைத்த பிறவிகளை அடுக்கும்போது பாம்பையும் சேர்த்துத்தான் சொல்கிறார். பாம்பாக இருக்கிற உயிரும் நானாக இருக்கிற உயிரும் தரத்தில் ஒன்று. உயிர்களையெல்லாம் உடையவன் ஒருவன் இருக்கிறான் என்று நம்புகிறவன், இன்னோர் உயிருக்கு உடைமைக்காரனாக நிற்பதைவிட, அதற்கு இடம்விட்டு நிற்பதுதான் பொருந்தும். பாலை நிறுத்திவிடலாம். இடத்தை விடுவதை நிறுத்தினால்தான் வழிபாடு போய்விடும். நான்குவழிச் சாலை வந்தபிறகு மீன்சுருட்டியைச் சுற்றி மனைப்பிரிவு போடுகிறவர்களுக்கு இரண்டு சென்ட் பெரிய பணம். புற்றுகள் ஒவ்வொன்றாகப் போகின்றன. பாம்பு வளர்ப்பு பரவுகிற அதே காலத்தில் பாம்புக்கு விட்ட இடம் சுருங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கையில் பிடித்தே ஆகவேண்டும் என்றால், பிடிப்பதிலும் ஒரு தர்மம் உண்டு என்பதை இருளர் பழங்குடியினர் காட்டியிருக்கிறார்கள். மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அதற்கு முன் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள் அவர்கள். 1972 சட்டம் வந்ததும் அந்தப் பிழைப்பு போனது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முன்முயற்சியில் சங்கம் உருவானது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் உயிரோடு பிடித்து வருகிறார்கள். பானையில் சில வாரம் வைத்து, சிலமுறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் இட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். நஞ்செடுத்த பாம்பையே உடனே மறுபடி பிடித்துவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்த அடையாளம். முந்திரித் தோப்பில் கடிபட்டு ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவருக்கு ஏற்றுகிற மாற்றுமருந்து, இப்படி எடுத்த நஞ்சைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி அதன் இரத்தத்திலிருந்து ஆக்குவது. பாம்பு சில வாரம் நமக்கு வேலை செய்கிறது. பிறகு விடுப்பு. ஆதிசேடன் கதையை அவர்கள் படித்துச் செய்யவில்லை. ஆனாலும் அந்தக் கதை உயிரோடு நடக்கிற இடமாக எனக்குத் தெரிவது வடநெம்மேலிதான். அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரை 2017இல் ஃபுளோரிடாவுக்கே அழைத்துப்போய், அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்கச் சொன்னார்கள். 2023இல் அந்த இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. வளர்க்க வாங்கியவர்கள் கைவிட்டதைத் தேடிப் பிடிக்க, பாம்பை ஒருபோதும் வளர்ப்புப் பிராணியாக நினைக்காத மனிதர்கள் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

இருளர்களைப் பற்றிப் பேசும்போது அவள் முகம் மாறியது. அவளுக்கு வேண்டியது பாம்பைப் பற்றிய அறிவு. அதற்குப் பெட்டிதான் ஒரே வழி என்று யாரோ நம்பவைத்திருக்கிறார்கள். அந்த அறிவு எங்கள் மண்ணில் உயிர்காக்கும் அறிவு. கண்ணாடிவிரியனை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையால் தூக்குகிறவர்கள் தமிழ்நாடெங்கும் இருக்கிறார்கள். விரியனின் உடம்பில் கரும்பழுப்பு வட்டங்கள் சங்கிலிபோல் மூன்று வரிசையாக ஓடும். செதில் சொரசொரப்பு. நெருங்கினால் குக்கர் ஆவி விடுவதுபோல் நீளச் சீறும். மலைப்பாம்பின் திட்டுகளுக்கு ஓர் ஒழுங்கு கிடையாது, உடம்பு வழவழப்பாக மின்னும். இரண்டுக்கும் நடுவே மண்ணுளி வகை ஒன்று வேறு வந்து குழப்பும். முதன்முதலாகப் பாம்பின்மேல் ஆசை வைக்கிற பிள்ளை இந்த மூன்றையும் தூரத்திலிருந்து பிரித்தறியக் கற்றுக்கொண்டு ஊருக்குச் சொல்லிக்கொடுத்தால், அந்த ஆசைக்கு அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் கேட்டேன். எந்த நிறம் வேண்டும் என்று தேடினாய்? செல்பேசியில் காட்டினாள். காட்டில் இருப்பது கரும்பழுப்பும் பொன்னிறமும். விற்பனைக்கு இருப்பவற்றில் மஞ்சள், வெள்ளை, வாழைப்பழ நிறம், திட்டே இல்லாதது என்று நூற்றுக்கணக்கில். பெருக்குகிறவர்கள் தேர்ந்து தேர்ந்து இணைசேர்த்து எடுத்தவை. 'ஸ்பைடர்' என்று ஒரு வகை, மெல்லிய வலைபோன்ற கோடுகளோடு பார்க்க மிக அழகு. அந்த அழகைத் தருகிற மரபணுவே உட்காதின் அமைப்பையும் கெடுத்துவிடுகிறது. அந்தப் பாம்பின் தலை ஆடும், சில தலைகீழாகத் திருகிக்கொள்ளும், இரையை நோக்கிப் பாய்ந்தால் குறி தவறும். அது பிறந்தது நம் கண்ணுக்காக. ஓர் உயிரின் உடம்பை அதன் வினை தீர்மானிக்கிறது என்று நம்புகிற மரபில் வந்தவன் நான். கடைக்காரனின் விலைப்பட்டியல் தீர்மானித்த உடம்பை என்ன சொல்லி விளக்குவேன்? தேர்ந்தெடுப்பது என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். நாம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பணம் கொடுக்கும்போது அதைப்போல் இன்னும் பத்து பிறக்கச் சொல்லிவிட்டு வருகிறோம்.

இங்கேதான் அவள் கடைசிக் கேள்வியைப் போட்டாள். "சரி தாத்தா, வாங்கல. ஆனா ஏற்கெனவே இங்கயே, மெட்ராஸ்ல ஒரு வீட்டுல பொரிச்ச குஞ்சு இருக்கு. அதோட அம்மாவே ஆப்பிரிக்காவப் பாத்ததில்ல. அதுக்குப் போக எடமே கெடையாது. வச்சிருந்தவங்க வேலைக்கு வெளிநாடு போறாங்க, வேணாங்கறாங்க. அத என்ன பண்றது?"

சேடனுக்குப் போகத் தில்லை இருந்தது. இதற்கு எதுவும் இல்லை. நீண்ட நேரம் யோசித்துப் பார்த்தேன். போக்கிடமற்ற உயிர் ஒன்று வாசலில் வந்து நின்றால், உன்னை வைத்திருப்பது என் கொள்கைக்கு ஒத்துவராது என்று சொல்லிக் கதவடைப்பது எந்தச் சைவம்? தாருகவனத்து முனிவர்கள் கொல்லச்சொல்லி ஏவிய பாம்புதானே சிவன் மேல் ஏறி அணியாயிற்று. அவர் அதைத் தேடிப் போகவில்லை, நிறம் பார்க்கவில்லை. வந்ததை ஏற்றுக்கொண்டார். ஏற்பதும் வாங்குவதும் ஒன்றல்ல என்று எனக்குப் படுகிறது. இணைசேர்க்காமல், விற்காமல், படம் எடுத்துப் பெருமை பேசாமல், அது இருக்கும்வரை பார்த்துக்கொள்வது. அதற்காக எலிகள் சாகும். அந்தக் கணக்கும் உன் பெயரில்தான் வரும், நான் அதைக் கழித்துக் காட்ட மாட்டேன் என்றேன். இந்தப் பாம்பு இருபது, முப்பது ஆண்டு இருக்கும். அமெரிக்காவில் செயின்ட் லூயி விலங்குக் காட்சிசாலைக்கு 1961இல் வந்த ஒரு பால் பைத்தான், அறுபது வயதைத் தாண்டி 2020இல், பல ஆண்டுகள் ஆண் துணையே இல்லாமல் இருந்தும், முட்டையிட்டது. அத்தனை ஆண்டு போகும்போது நான் இருக்க மாட்டேன். உனக்குக் கல்யாணம் ஆகும், வேலை மாறும், போகிற வீட்டில் முகம் சுளிப்பார்கள். அன்றைக்கும் அது உன்னை யாரென்று அறியாது.

"தெரியும் தாத்தா" என்றாள். "அப்ப நீங்க ஒத்துக்குவீங்களா?"

ஒத்துக்கொள்வேன் என்றேன். அவள் அம்மாவிடம் அவளே பேச வேண்டும், பதிவுத் தாள் கையில் இல்லாமல் எதுவும் இந்த வாசலுக்குள் வரக்கூடாது. சித்திரை வெயிலில் எங்கள் ஊர் ஓட்டுவீட்டுச் சூட்டை அந்தப் பாம்பு தாங்காது, வடக்குப் பார்த்த அறையில் நெல்மூட்டையை எடுத்துவிட்டு இடம் செய்ய வேண்டும். அதற்கு முன் இருவருமாக வடநெம்மேலிக்கு ஒருநாள் போய்வருவதாகப் பேசியிருக்கிறோம். இருளர் பாம்பைப் பிடிப்பதைவிட, அதை மறுபடி விடும்போது கை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்கிறாள்.